பின்ன வசனக் கணக்குகள்: சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புது வகுப்பு தொடங்கும் முதல் நாள் எப்போதும் இந்தக் கணக்கைத்தான் பலகையில் எழுதுவேன்:

தம்பலகாமத்தில் வயல் வைத்திருந்த ஒருவர் அதில் 1/3 பங்கை மகனுக்குக் கொடுத்தார். எஞ்சியதில் 3/4 பங்கை மகளுக்குக் கொடுத்தார். மீதி இருந்த 20 பேர்ச்சைக் கோயிலுக்கு எழுதிவைத்தார். வயலின் மொத்தப் பரப்பு எவ்வளவு?

வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் 1/3 உடன் 3/4 ஐக் கூட்டுவார்கள். பொதுப் பகுதி 12 எடுத்து, 4/12 + 9/12 = 13/12 என்று அழகாக எழுதியிருப்பார்கள். கூட்டலில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் பன்னிரண்டு துண்டு உள்ள வயலில் பதின்மூன்று துண்டைக் கொடுக்க முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னம் கூட்டத் தெரியும், பெருக்கத் தெரியும். கணக்கில் வரும் 3/4 எதனுடைய 3/4 என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: ‘எதில்?’ ஒரு பின்னத்தைக் கண்டவுடன் பேனை ஓடக் கூடாது. முதலில் இந்தக் கேள்வி, அதற்குப் பிறகுதான் கணக்கு.

பரீட்சையில் இது எங்கே வருகிறது

க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் முதலாம் வினாத்தாளுக்கு 2 மணித்தியாலம். முதற் பகுதியில் 25 சிறு வினாக்கள், இரண்டாம் பகுதியில் 5 வினாக்கள். கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டிப் பாருங்கள், அந்த ஐந்தில் முதலாவது வினா அநேகமாகப் பின்னத்தில் ஒரு வசனக் கணக்காக இருக்கும். அதற்கு 10 புள்ளி. 120 நிமிடத்தில் 100 புள்ளிக்கு எழுத வேண்டும் என்றால் இந்த வினாவுக்கு 12 நிமிடம் வரை செலவழிக்கலாம். பழகிய பிள்ளைக்கு 7 நிமிடம் போதும். கணிகருவி கொண்டுபோக முடியாத பரீட்சை என்பதால் எண்களும் கையால் செய்யக்கூடியவையாகத்தான் இருக்கும். விடை இடையில் 347/91 போல் வந்தால், எங்கேயோ வழி மாறிவிட்டது என்று உடனே சந்தேகப்படுங்கள்.

நம் மொழியே சொல்லித் தருவது

‘எதில்?’ என்ற கேள்வி தமிழுக்குப் புதிதில்லை. அரைக்கால் என்ற சொல்லைப் பாருங்கள். காலில் அரை, அதாவது 1/4 இன் 1/2. விடை 1/8. அரை வாழைப்பழமும் கால் வாழைப்பழமும் தந்தால் முக்கால் கிடைக்கும், அது கூட்டல். அரைக்கால் என்றால் ஏற்கெனவே காலாக இருப்பதைப் பாதியாக்குவது, அது பெருக்கல். இரண்டு பின்னம் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒன்று கூட்டல், மற்றது பெருக்கல். எதில் எடுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

பழைய கணக்கில் மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் சேர்த்தால் மாகாணி. பகுதியை 80 ஆக்கினால் 4/80 + 1/80 = 5/80, சுருக்கினால் 1/16. சமவலுப் பின்னம் எடுத்துக் கூட்டுவதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சொல்லுக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது.

முதற் படி: இரண்டு முறை வாசியுங்கள்

முதல் வாசிப்பில் கையில் பென்சில் வேண்டாம். யார், என்ன பொருள், கடைசியில் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு பின்னத்துக்கும் கீழே கோடு போட்டு, அதன் மேலே அது எதனுடையது என்று சின்னதாக எழுதுங்கள். தம்பலகாமத்துக் கணக்கில் 1/3 க்கு மேலே ‘முழு வயல்’ என்று வரும். 3/4 க்கு மேலே ‘மகனுக்குக் கொடுத்த பிறகு உள்ளது’ என்று வரும். இப்படி எழுதிய பிள்ளை அந்த இரண்டையும் கூட்டாது. ஒன்று முழுவதில் எடுத்தது, மற்றது மீதியில் எடுத்தது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

‘எஞ்சியதில்’, ‘மீதியின்’, ‘முழுவதின்’, ‘மொத்தத்தில்’ ஆகிய சொற்களைத் தேடி வட்டமிடுங்கள். வினாவின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: ஒரு நீளப் பெட்டி வரையுங்கள்

நேரம் போய்விடும் என்று பயந்து பிள்ளைகள் படத்தைத் தவிர்க்கிறார்கள். உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துவதே படம்தான்.

பகுதிகள் 3, 4. இரண்டையும் பெருக்கினால் 12. ஒரு நீளமான பெட்டி வரைந்து 12 கட்டங்களாகப் பிரியுங்கள். மகனுக்கு 1/3, ஆகவே 4 கட்டம். நிழற்றிவிடுங்கள். மீதி 8 கட்டம். மகளுக்கு அந்த 8 இல் 3/4, ஆகவே 6 கட்டம். அதையும் நிழற்றுங்கள். மிஞ்சியது 2 கட்டம். அதுதான் 20 பேர்ச். ஒரு கட்டம் 10 பேர்ச், 12 கட்டம் 120 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதால் வயல் முக்கால் ஏக்கர்.

பின்னம் பெருக்காமலே கணக்கு முடிந்துவிட்டது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளைகூட இப்படிச் செய்யலாம். சாதாரண தரத்தில் மட்டும் படத்தோடு நிற்காமல், அதைக் கணித வரிகளாகவும் எழுதிக்காட்ட வேண்டும்.

மூன்றாம் படி: மீதிக்கு ஒரு தனி வரி

இதே கணக்கை வினாத்தாளில் எழுதும் விதம்:

மகனின் பங்கு = 1/3
எஞ்சியது = 1 − 1/3 = 2/3
மகளின் பங்கு = 2/3 × 3/4 = 1/2
கோயிலுக்கு = 2/3 − 1/2 = 4/6 − 3/6 = 1/6
முழு வயலின் 1/6 = 20 பேர்ச்
முழு வயல் = 20 × 6 = 120 பேர்ச்

‘எஞ்சியது’ என்று ஒரு தனி வரி எழுதுவதை நான் வகுப்பில் கண்டிப்பாகக் கேட்பேன். மனதில் கழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பிள்ளை, மூன்றாவது மீதி வரும்போது வழி தவறிவிடும். அது மட்டுமில்லை, வழிக்கும் புள்ளி உண்டு. கடைசிப் பெருக்கலில் தவறினாலும், மேலே உள்ள வரிகள் சரியாக இருந்தால் அவற்றுக்குரிய புள்ளி கிடைக்கும். விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கைவந்த பிறகு ஒரு சுருக்க வழி இருக்கிறது. மீதியில் 3/4 மகளுக்குப் போனால், மிஞ்சுவது மீதியில் 1/4. ஆகவே 2/3 × 1/4 = 1/6, ஒரே வரியில். ஆனால் வினா ‘மகளுக்குக் கிடைத்தது முழு வயலில் என்ன பின்னம்?’ என்றும் கேட்டால் நீண்ட வழியில்தான் போக வேண்டும். பொதுவாக வினாவில் (i), (ii), (iii) என்று உட்பிரிவுகள் இருக்கும், ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் படிக்கட்டு. அவற்றை விட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

நான்காம் படி: எண்ணையும் பின்னத்தையும் கோத்துவிடுங்கள்

வசனக் கணக்கில் எங்கேயோ ஓர் உண்மையான அளவு வரும்: பேர்ச், ரூபா, லீற்றர், ஆட்கள். அந்த அளவுக்கு எந்தப் பின்னம் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

கடற்கரைப் பிள்ளைகளுக்காக நான் கட்டிய கணக்கு ஒன்று. கரைவலையில் பிடித்த மீனை விற்ற பணத்தில் 1/10 செலவுக்குப் போனது. மீதியில் 1/3 வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு. எஞ்சியதை வலை இழுத்த 12 பேர் சமமாகப் பிரித்தபோது ஆளுக்கு 4,500 ரூபா கிடைத்தது. மீன் எவ்வளவுக்கு விற்றது? (உண்மையில் பங்கு பிரிப்பது துறைக்குத் துறை வேறு. இது கணக்குக்காக.)

செலவுக்குப் பின் மீதி 9/10. சம்மாட்டிக்கு 9/10 × 1/3 = 3/10. இழுத்தவர்களுக்கு 9/10 − 3/10 = 6/10 = 3/5. இங்கேதான் கவனம் வேண்டும்: 3/5 க்குப் பொருந்துவது 4,500 இல்லை. அது ஓர் ஆளின் பங்கு. பன்னிரண்டு பேரும் சேர்ந்த 54,000 தான் 3/5.

3/5 = 54,000 ரூபா
1/5 = 18,000 ரூபா
முழுவதும் = 90,000 ரூபா

54,000 × 5/3 என்று நேரடியாக எழுதினாலும் சரிதான். ஆனால் முதலில் ஒரு பங்கு, பிறகு முழுவதும் என்று போகும் வழியில் தலைகீழாக்குவதில் தடுமாற்றம் வராது. 3/5 ஆல் பெருக்கிவிட்டு 32,400 என்று விடை எழுதும் பிள்ளைகள் உண்டு. முழுப் பணம் அதன் பகுதியைவிடக் குறைவாக இருக்க முடியுமா என்று ஒரு கணம் பார்த்தால் அந்தப் பிழை நிற்காது.

இதன் உறவுக் கணக்கு ஒன்று: தாங்கியில் 2/5 பங்கு நீர் இருந்தது, 210 லீற்றர் ஊற்றியதும் 3/4 ஆனது. இங்கே 210 க்குப் பொருந்துவது 2/5 உம் இல்லை, 3/4 உம் இல்லை, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். 15/20 − 8/20 = 7/20. 7 பங்கு 210 என்றால் ஒரு பங்கு 30, முழுத் தாங்கி 600 லீற்றர்.

ஐந்தாம் படி: விடையிலிருந்து கதையை மறுபடி சொல்லுங்கள்

90,000 இல் 1/10, 9,000. மீதி 81,000. அதில் 1/3, 27,000. மீதி 54,000. பன்னிரண்டால் வகுத்தால் 4,500. கதையின் கடைசி வரி வந்துவிட்டது, விடை சரி. அரை நிமிடம்கூட எடுக்காது. பரீட்சை மண்டபத்தில் யாரும் வந்து சரி என்று சொல்லப்போவதில்லை. அந்த நிம்மதியை இந்த அரை நிமிடத்தில் நாமே தேடிக்கொள்ளலாம்.

வகுத்தலில் மீதி வரும்போது

மற்றவற்றைவிட இதில் கொஞ்சம் கூடுதலாக நிற்கப்போகிறேன், ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளும் விழும் இடம் இதுதான்.

கடைகளில் தேங்காய் எண்ணெயைப் போத்தல் கணக்கில் வாங்குகிறோம். ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர், அதாவது முக்கால் லீற்றர். 8 லீற்றர் எண்ணெயை எத்தனை போத்தல்களில் நிரப்பலாம்? எவ்வளவு மிஞ்சும்?

8 ÷ 3/4 = 8 × 4/3 = 32/3 = 10 2/3.

பத்துப் போத்தல் நிரம்பும். சரி, மிஞ்சுவது எவ்வளவு? பெரும்பாலானவர்கள் ‘2/3 லீற்றர்’ என்று எழுதுவார்கள். நிரப்பிப் பாருங்கள்: பத்துப் போத்தலுக்கு 10 × 3/4 = ஏழரை லீற்றர். எட்டில் ஏழரை போனால் அரை லீற்றர்தான் மிச்சம்.

அப்படியென்றால் அந்த 2/3 எங்கே போனது? மறுபடியும் அதே கேள்வி: எதில் 2/3? நாம் வகுத்தது எத்தனை போத்தல் என்று அறிய. ஆகவே விடையின் அலகு போத்தல். 10 2/3 என்றால் பத்துப் போத்தலும் இன்னொரு போத்தலின் 2/3 உம். 3/4 × 2/3 = 1/2 லீற்றர். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. வகுத்தல் செய்யும் ஒவ்வொரு முறையும் விடைக்குப் பக்கத்தில் அலகை எழுதும் பழக்கம் இருந்தால் இந்தக் குழியில் விழ மாட்டீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘எத்தனை போத்தல் முழுமையாக நிரம்பும்?’ என்றால் 10. ‘எண்ணெய் முழுவதையும் ஊற்றி வைக்க எத்தனை போத்தல் தேவை?’ என்றால் 11. கணக்கு ஒன்று, விடை இரண்டு. வினாவின் கடைசி வரியை விடை எழுதுவதற்கு முன் மூன்றாவது முறையாக வாசியுங்கள்.

‘ஆல்’, ‘ஆக’, ‘விட’

சம்பளம் 1/4 ஆல் குறைந்தது என்றால் 3/4 மிஞ்சியிருக்கிறது. 1/4 ஆகக் குறைந்தது என்றால் 1/4 தான் மிஞ்சியிருக்கிறது. உருபு மாறினால் கணக்கு மாறுகிறது. தமிழ்ப் பாடத்தில் வேற்றுமை படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘விட’ இன்னும் சிக்கலானது. தம்பியிடம் உள்ளதைவிட அக்காவிடம் 1/3 பங்கு கூட இருக்கிறது. அப்படியானால் அக்காவைவிடத் தம்பியிடம் எவ்வளவு குறைவு? அதே 1/3 என்றுதான் வாய் முந்திச் சொல்லும். தம்பிக்கு 3 பங்கு வையுங்கள். அக்காவுக்கு 4. தம்பியிடம் ஒரு பங்கு குறைவு, ஆனால் இப்போது அக்காவின் 4 பங்கோடு ஒப்பிடுகிறோம். விடை 1/4. வித்தியாசம் அதே ஒரு பங்குதான். பார்க்கும் பக்கம் மாறியதால் பின்னம் மாறிவிட்டது.

‘இன்’ வரும் சுருக்கல்

வசனம் இல்லாமல் வெறும் எண்ணாக வரும் சிறு வினாக்களிலும் இதே விடயம் மறைந்திருக்கும். 1/2 ÷ 1/3 இன் 3/4 என்பதைச் சுருக்கச் சொன்னால், அடைப்புக்கு அடுத்தபடியாக ‘இன்’ தான் முதலில் என்பது நம் பாடத்திட்டத்தின் ஒழுங்கு. 1/3 இன் 3/4 = 1/4. பிறகு 1/2 ÷ 1/4 = 2. ‘இன்’ ஐ வெறும் பெருக்கல் அடையாளமாக மாற்றி இடமிருந்து வலமாகப் போனால் 9/8 வரும், அது பிழை. ‘இன்’ அந்த இரண்டு பின்னத்தையும் ஒரே பொருளாகக் கட்டிவிடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிச் சுருக்குவது பற்றியும் ஒரு சொல்: பெருக்கலில் குறுக்கே வெட்டலாம், கூட்டலில் வெட்டவே கூடாது. 1/2 + 1/3 = 2/5 என்று மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டுவதும் அதே இனப் பிழை. 2/5 அரையைவிடச் சிறியது. அரையோடு எதையோ சேர்த்த பிறகு அரையைவிடக் குறைய முடியாது.

பெற்றோருக்கு

பிள்ளைக்கு ஒரே இரவில் ஐம்பது கணக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும், ஆனால் இரண்டையும் வாயால் சொல்லவைத்துக் கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை ஒவ்வொரு பின்னத்தைச் சொல்லும்போதும் ‘எதில், மகள்?’, ‘எதில், மகன்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடம்தான் பிள்ளைக்கு விளங்காத இடம்.

செய்து பாருங்கள்

1. நிலாவெளிச் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணத்தில் 3/8 வானுக்கு. மீதியில் 2/5 சாப்பாட்டுக்கு. எஞ்சிய 6,000 ரூபா புறாத்தீவுப் படகுக்கு. சேர்த்த பணம் எவ்வளவு?

2. களஞ்சியத்தில் 5/6 பங்குக்கு நெல் மூடைகள் இருந்தன. 24 மூடைகளை எடுத்ததும் பாதிக் களஞ்சியம் மட்டும் நிரம்பியிருந்தது. களஞ்சியம் எத்தனை மூடை கொள்ளும்?

3. 10 மீற்றர் கயிற்றை முக்கால் மீற்றர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை முழுத் துண்டு? எத்தனை மீற்றர் மிஞ்சும்?

4. ஒருவரின் சம்பளம் 1/5 ஆல் கூடி இப்போது 60,000 ரூபா. முன்பு எவ்வளவு?

முதலாவதன் விடை 16,000 ரூபா: 5/8 × 3/5 = 3/8, அதுதான் 6,000. இரண்டாவதில் 5/6 − 1/2 = 1/3 க்கு 24, ஆகவே 72 மூடை. மூன்றாவதில் 13 துண்டு, மிஞ்சுவது கால் மீற்றர். 13 1/3 என்று வந்ததைப் பார்த்து 1/3 மீற்றர் என்று எழுதியிருந்தால் எண்ணெய்ப் போத்தலுக்குத் திரும்பிப் போங்கள்.

நான்காவதில் 60,000 இல் 1/5 ஐக் கழித்து 48,000 என்று எழுதியவர்கள் இருப்பீர்கள். சோதியுங்கள்: 48,000 இல் 1/5 என்பது 9,600, கூட்டினால் 57,600 தான் வருகிறது. சம்பளம் கூடியது பழைய சம்பளத்தில் 1/5 ஆல். பழையது 5 பங்கு, புதியது 6 பங்கு. 6 பங்கு 60,000, ஒரு பங்கு 10,000, பழைய சம்பளம் 50,000 ரூபா.